இறக்கத்தில் கத்தும் வண்டி

சக்குபள்ளம்,
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வப்பிரியா எழுதுவது. இங்கே நானும் அவரும் சௌக்கியம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவைப் பற்றிக் கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சளி தேவலையா?

கடிதத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் "ஊட்டுக்கு வந்திரு அம்மிணி" என்பாய், மூன்றாவது நிமிஷம் நான் கட் பண்ணுவேன். போன தடவை விட்டெறிந்ததில் போன் கண்ணாடி விரிசல் விட்டுக் கிடக்கிறது. கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. வேலந்தாவளத்திலிருந்து இந்தப் பக்கம் தக்காளி லாரி ஓட்டி வருகிற ஷிஜு உன் ஒர்க்‌ஷாப் எதிரில்தான் டீ குடிப்பானாம். உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா அடுப்பில் போட்டுவிடுவார்.

விஷயம் வண்டி. ஜீப்பை விற்றுவிட்டு, மூணாறில் ஒருத்தரிடமிருந்து பழைய ஏ.டி.வி. ஒன்று வாங்கினோம். நாலு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், பின்னால் ஒரு ஆள் உட்காரலாம். எங்கள் வீட்டை ஒட்டி ஏலத்தோட்டத்துக்குள் ஒரு ரிசார்ட் இருக்கிறது. அங்கே தங்குகிறவர்களை உச்சிப் பாறைக்கு ஏற்றிப்போய், கீழே கம்பம் பள்ளத்தாக்கைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது பிரேக் கத்துகிறது பார், தகரத்தை ஆணியால் கீறுவது மாதிரி, மலை முழுக்கக் கேட்கிறது. கத்துவது போதாதென்று பின் டிஸ்க் பேட் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. தேய்ந்து வெறும் தகடாகிவிடுகிறது. புதிது போட்டாலும் அதே கதை.

ரிசார்ட் மேனேஜர் பின்சி சேச்சி நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னார். "பிரியே, கெஸ்டுங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு வர்றாங்க கேட்டோ. கிறிஸ்துமஸ் சீசன் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற வண்டிதான்."

இந்த வண்டி ஓடினால்தான் நாங்கள் இங்கே இருக்க முடியும். ஓடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுத வேண்டாம். பிரேக்குக்கு மட்டும் வழி சொல்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
செல்வப்பிரியா


வேலந்தாவளம்,
20 செப்டம்பர் 2024

அம்மிணிக்கு,

அண்ணன் சிவப்பிரகாஷ் எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். அப்பாவுக்குச் சளி போய்விட்டது, கோபம் போகவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜீப்பை எதற்கு விற்றீர்கள்? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? யாரோ ஏறி மிதித்துச் சலித்துத் தள்ளிய வண்டியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். சரி, ஆனது ஆகிவிட்டது.

கத்துவதும் தேய்வதும் பெரும்பாலும் சேற்றால்தான். அந்த வண்டியில் டிஸ்க் சக்கரத்துக்குள் தாழ்வாக இருக்கும். சேறு போய் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி அராவும். தினமும் கழுவச் சொல். இத்துடன் நல்ல பேட் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், கோயமுத்தூர் போய் வாங்கியது. கூடவே மெல்லிய எஃகுத் தகடு நாலு இருக்கும். அது பேட்டின் முதுகில் உட்கார வேண்டும். சின்ன ட்யூபில் கிரீஸ் இருக்கிறது, தகட்டுக்கும் பேட்டுக்கும் நடுவில் கொஞ்சமாகத் தடவ வேண்டும். அதிர்வைத் தகடு வாங்கிக்கொண்டால் பிரேக் கத்தாது. கிரீஸ் முன்பக்கம் பட்டால் பேட் செத்தது. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உனக்காக எழுதுகிறேன்.

இதைப் போட்டும் கத்தினால் என் ஒர்க்‌ஷாப் போர்டைக் கழற்றிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிவப்பிரகாஷ்


சக்குபள்ளம்,
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை, குளிர், அட்டைக்கடி. மற்றபடி சுகம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு சும்மா இருக்காமல் டாக்டரிடம் போகச் சொல்.

போர்டைக் கழற்றிவிடு. கத்துகிறது.

அவரே உட்கார்ந்து பேட்டை மாட்டினார். தகடு போட்டீர்களா, கிரீஸ் தடவினீர்களா என்று நான் கேட்டதற்கு, "எல்லாம் போட்டாச்சு புள்ள, எனக்கா சொல்லித் தர்ற?" என்றார். முதல் நாள் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. மறுநாளே தொடங்கிவிட்டது. தினமும் கழுவியும் பார்த்தாயிற்று. கழுவிக் கழுவி என் விரலெல்லாம் வெளுத்துப்போனதுதான் மிச்சம். பேட் தேய்வதும் குறையவில்லை. நீ அனுப்பியதில் ஒரு ஜோடி இப்போதே பாதி போய்விட்டது.

ஒரு பெங்களூர்ப் பெண் இறங்கினதும் பின்சி சேச்சியிடம் போய், பன்றி கத்துவது போல இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சேச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணா, எனக்கு அலுத்துப்போகிறது. வேறு ஏதாவது சொல்.

பிரியா


வேலந்தாவளம்,
22 அக்டோபர் 2024

அம்மிணிக்கு,

இங்கே நலம். அம்மா டாக்டரிடம் போனாள். அவர் கொடுத்த மாத்திரையைப் பூஜை அறையில் வைத்துவிட்டுத் தைலம் தேய்க்கிறாள்.

அந்தத் தகடு போட்டும் கத்துகிறது என்றால் எனக்கு மண்டை காய்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கெரகத்தை நான் பார்த்ததில்லை. பேட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் நகர்வதற்கு ஒரு கம்பி, 'பின்' என்போம், அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கும். பிரேக்கை விட்டாலும் பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பின்னைக் கழற்றி, துரு எடுத்து, கிரீஸ் போட்டு மாட்டச் சொல். ரப்பர் உறை புதிது அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. தேய்ந்த பழைய பேட்டைத் தூக்கி எறியாதே, எனக்கு அனுப்பு. பார்த்தால்தான் நோய் தெரியும்.

மாப்பிள்ளை ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார்? நீதான் போனை உடைத்தாய், அவர் போனுக்கு என்ன? நாலு தடவை அடித்துவிட்டேன், எடுப்பதில்லை. எங்கள் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். பிரேக்கைப் பற்றி ஒரு மெக்கானிக்கிடம் பேசலாம் அல்லவா? ஜீப்பை ஏன் விற்றீர்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

சாப்பாட்டைக் குறைக்காதே.

சிவப்பிரகாஷ்


சக்குபள்ளம்,
25 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபப்படாதே. இருவரும் நலம். அவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

பின்னைக் கழற்றி மாட்டியாயிற்று, சத்தம் அப்படியேதான். பழைய பேட் இரண்டு ஜோடியும் இந்தப் பையில் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், திட்டக் கூடாது. போன வாரம் பொறுக்க முடியாமல் டிஸ்கில் தேங்காய் எண்ணெய் விட்டேன். கதவுக் கீல் கத்தினால் எண்ணெய்தானே விடுகிறோம் என்று தோன்றியது. சத்தம் உடனே நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். முற்றத்தில் ஒரு சுற்று எடுத்துப் பார்த்தால் வண்டி நிற்கவில்லை, நேராகப் போய்த் தண்ணீர் டிரம்மில் மோதியது. அவர் உள்ளே இருந்து போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். இங்கே கடையில் வாங்கிப் போட்டிருந்த அந்தப் பேட்டும் பாழ்.

எனக்கு ஒரு உதவி. பின் பிரேக் பெடல் ரொம்பத் தள்ளி இருக்கிறது. கால் முழுசாக எட்டுவதில்லை, நுனியால் மிதிக்க வேண்டியிருக்கிறது, கெண்டைக்கால் வலி எடுக்கிறது. அதை இரண்டு விரல் உள்ளே கொண்டுவர வழி இருக்கிறதா?

பின்சி சேச்சி வேறொரு ஆளிடம் பேசத் தொடங்கிவிட்டார் என்று கேள்வி. சீக்கிரம் எழுது.

பிரியா


வேலந்தாவளம்,
3 டிசம்பர் 2024

செல்வப்பிரியாவுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

டிஸ்குக்கு எண்ணெயா? நீ என்ன மாட்டுப் பொங்கலா கொண்டாடுகிறாய், கொம்புக்கு எண்ணெய் பூச? மாட்டு வியாபாரி குப்பண்ணன் மகள் என்பதைக் காட்டிவிட்டாய். முற்றத்தில் நடந்ததால் டிரம்மோடு போயிற்று. இறக்கத்தில் நடந்திருந்தால்?

பேட்டைப் பார்த்தேன். முதலில் முதுகு. தகடு உட்கார்ந்திருந்தால் அதன் அச்சு பதிந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. நான் அனுப்பிய தகடு அந்த வண்டியில் ஏறவே இல்லை. அடுத்தது முகம். கண்ணாடி மாதிரி பளபளவென்று வெந்துபோயிருக்கிறது. பிரேக்கை அவ்வப்போது பிடித்து விடுகிறவர்கள் ஓட்டினால் இப்படி வேகாது. மேலிருந்து கீழ்வரைக்கும் காலைப் பெடலிலிருந்து எடுக்காமல், பயந்து பயந்து உரசிக்கொண்டே இறங்கினால்தான் இப்படி ஆகும். சேறும் இல்லை, துருவும் இல்லை. தேய்க்கிறது ஓட்டுகிற ஆளின் கால்.

மாப்பிள்ளை அந்த மலையில் பதினைந்து வருஷம் ஜீப் ஓட்டியவர். அவர் கால் அப்படி மிதிக்காது. அதோடு, கால் எட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த அன்றைக்குப் முக்கால்வாசி திறந்த ஷட்டரில் நெற்றி இடித்துக்கொண்ட நெட்டை மனுஷன் அவர். அவருக்கா கால் எட்டவில்லை?

ஓட்டுவது நீ. என்னை முட்டாளாக்காதே. அவர் எங்கே? குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாரா? உன்னை விட்டுவிட்டு எங்காவது போய்விட்டாரா? பெண்டாட்டியைப் பள்ளத்தில் ஓட்டவிட்டுவிட்டு உள்ளே இருந்து சத்தம் போடுகிற ஆம்பளையா அவர்?

பதில் எழுது.

சிவப்பிரகாஷ்


வேலந்தாவளம்,
26 டிசம்பர் 2024

அம்மிணிக்கு,

பதில் இல்லை. ஷிஜு இரண்டு தடவை வந்து போய்விட்டான். "தங்கச்சி ஒன்னும் தரலை சேட்டா" என்கிறான். அவனைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவனுக்கு என்ன சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாயோ.

போன கடிதத்தின் கடைசியில் எழுதியது அதிகம். எழுதி முடித்ததும் தெரிந்தது, அதற்குள் லாரி போய்விட்டது.

புதுப் பேட் ஒரு ஜோடி, தகடு, பிரேக் ஆயில் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். கேள்வி எதுவும் அனுப்பவில்லை.

நல்லா இரு.

அண்ணன்


சக்குபள்ளம்,
9 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

இந்தத் தடவை நலம் என்று தொடங்க முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

ஆனி மழையில் ஜீப் கவிழ்ந்தது. பச்சை ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு தனியாக வந்தவர், சாயங்காலம் வளைவில் சறுக்கி ஓடைக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, வண்டிக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு, விடிகிறவரை கத்தியிருக்கிறார். மழை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நான் வீட்டில் இருந்தேன் அண்ணா. மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். காலையில் பால்காரர் பார்த்துச் சொன்னார். தேனியில் ஆபரேஷன். நசுங்கிய ஜீப்பைத்தான் விற்றோம், ஓடுகிற ஜீப்பை இல்லை. அதன் பிறகு கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும்தான் அவர் நடை. கம்பை ஊன்றி நட என்று டாக்டர் சொல்கிறார், இவர் மாட்டேன் என்கிறார். போனை அணைத்து வைத்துவிட்டார். ஓட்டுகிறது நான்தான். இவர்தான் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தார், பேட் மாட்டியதும் அப்படி உட்கார்ந்துதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் கிளம்புகிற அன்றைக்கு அப்பா என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "மலங்காட்டுல ஜீப்பு ஓட்டறவன் நாளைக்கு எங்கியாச்சும் உழுந்து கெடந்தா ஆரு பாக்கறது?" அது அப்படியே நடந்துவிட்டது என்று நான் என் கையால் எப்படி எழுதுவேன்? நீ காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போவாய் என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை எர்ணாகுளத்து டீச்சர் ஒருவரை ஏற்றிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினேன். வழக்கம்போல் பிரேக் கத்திக்கொண்டே வந்தது. பாதி வழியில் பெடல் திடீரென்று ஈரத் துணியை மிதித்த மாதிரி உள்ளே போய்விட்டது. சத்தமும் நின்றுவிட்டது. வண்டி ஓட்டம் பிடித்தது. கை பிரேக்கைப் பிடித்தேன், கொஞ்சம் அடங்கியது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கம் திருப்பி மண் திட்டில் ஏற்றினேன். ஏலச்செடி நாலு ஒடிந்தது, என் முழங்கை சிராய்த்தது. டீச்சருக்கு ஒன்றுமில்லை, சாமி புண்ணியம். அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்து இறங்கினோம். கீழே இரண்டாவது வளைவில், சேற்றில், இவர் உட்கார்ந்திருக்கிறார். என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு. கம்பு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. பாதி தூரம் தவழ்ந்திருக்கிறார், உள்ளங்கையெல்லாம் ரத்தம்.

"ஏ புள்ள, சத்தம் நின்னு போச்சுல்ல," என்றார். "சத்தம் நின்னா நான் என்னத்தன்னு நெனைக்கிறது?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நீ அனுப்பிய தகடும் கிரீஸும் அவர் மெத்தைக்கு அடியில் இருக்கின்றன அண்ணா. ஒன்றைக்கூடப் போடவில்லை. "இறக்கத்துல பெடல்லருந்து காலை எடுக்காத, எடுத்தா ஓடிரும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும், இறக்கத்துக்கான லோ கியரைப் பற்றி வாயே திறக்காததும் பிரேக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான். ஜன்னல் ஓரம் படுத்துக்கொண்டு, மேலே எந்த வளைவில் நான் வருகிறேன் என்று அந்தச் சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அன்னைக்கு நான் கெடந்தப்ப என் சத்தம் யாருக்கும் கேக்கல. நீ கத்திக்கிட்டே எறங்கி வந்தாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்கிறார்.

செவிட்டில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அவர் சொன்னபடி உரசி உரசித்தானே பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் உள்ளே போனது? நான் சாகாமல் இருக்க வேண்டும் என்று அவர் செய்த காரியமே என்னைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு எழுந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். டீச்சர் பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

சத்தம் இருந்தால், கிறிஸ்துமஸ் தாண்டியும் பொறுத்த பின்சி சேச்சி இந்த மாதத்தோடு வேலையை நிறுத்துவார். சத்தம் இல்லாவிட்டால் இவர் மறுபடி மலையில் தவழ்வார். நான் என்ன செய்வது? நீயே சொல்.

பிரியா


வேலந்தாவளம்,
21 ஜனவரி 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

மாப்பிள்ளை கை எப்படி இருக்கிறது? காயத்துக்கு மருந்து போட்டீர்களா? உன் முழங்கை?

வீட்டுக்கு வா என்று மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். இதில் அது இருக்காது.

முதலில் வண்டி. இறங்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி லோ கியரில் போடு. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் எடுத்தால் முன்னும் பின்னும் சேர்த்து ஒரு பிடி பிடித்து உடனே விட்டுவிடு. கால் பெடலுக்கு மேலே இருக்கட்டும், பெடலின் மேல் இருக்கக் கூடாது. கொதித்த பிரேக் ஆயிலை மொத்தமாக இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பழைய டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும், புதிது அனுப்பியிருக்கிறேன். பெடலை உள்ளே தள்ளி வளைத்து ஒன்று செய்திருக்கிறேன். தகட்டை உன் கையிலேயே வைத்திரு. அந்த மனுஷனை நம்பாதே. பொங்கல் முடியட்டும் என்று பார்த்தேன், இல்லாவிட்டால் முன்னாலேயே வந்து மாட்டியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாட்ட மட்டும்தான் வருகிறேன்.

இரண்டாவது, உன்னிடம் கேட்காமல் ஒன்று நடந்துவிட்டது. உன் கடிதத்தை நான் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மொபெட்டுக்குக் காற்றடிக்க வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். மறைக்கத் தோன்றவில்லை, கொடுத்துவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து உதடசைத்து முழுவதும் படித்தார். திரும்ப முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் சொன்னது என்று நீ எழுதியிருக்கிற இடத்தில் விரலை வைத்துத் திரும்பவும் உதடசைத்தார். அப்புறம் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுக் காற்றடிக்காமலேயே போய்விட்டார்.

மறுநாள் மாட்டுச் சந்தையிலிருந்து வந்தவர் கையில் சாக்குப் பை. மாடு ஒன்றும் பிடித்து வரவில்லை. பை நிறைய மாட்டுக் கழுத்து மணி. "இத வண்டில கட்டு, வாய்க்கா மேட்டு வரைக்கும் ஓட்டு" என்றார். எதற்கு என்று நான் கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார். என் பைக்கில் ஒவ்வொரு மணியாகக் கட்டி வாய்க்கால் மேட்டிலும் வரப்பிலும் குலுங்கக் குலுங்க ஓட்டினேன். அவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் கட்டிலில் படுத்துக் கேட்கிறார். நான் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றால், "இது பத்தாது. அடுத்ததக் கட்டு" என்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போதுமுங்கப்பா, எல்லாம் ஒரே மணிதானுங்க" என்றேன்.

"ஒனக்குக் கேட்டா ஆச்சா? கீழ ஊட்டுல படுத்துக் கெடக்கறவனுக்குக் கேக்கோணும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த மணியை எடுத்துக் கட்டினேன். பொழுது சாயும் வரை ஓட்டினேன். கடைசியில் ஒரு வெண்கல மணியைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் இந்தப் பெட்டியில் துணி சுற்றி இருக்கிறது. துணி அவர் துண்டுதான், வேறு எதுவும் கிடைக்கவில்லையாம்.

ஹேண்டில்பாரில் கட்டாதே, கை நடுங்கினால் அடிக்கும். பின் கேரியரில் கட்டு. சக்கரம் குலுங்கினால் மட்டும் அடிக்கட்டும்.

சிவப்பிரகாஷ்


சக்குபள்ளம்,
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ வந்து போனதிலிருந்து இங்கே இரண்டு பேரும் உண்மையிலேயே நலம். இந்தத் தடவை நம்பலாம். அம்மா கொடுத்தனுப்பிய நிலக்கடலை தீர்ந்துவிட்டது. தீர்த்தது யார் என்று உனக்கே தெரியும்.

நீ மாட்டிவிட்டுப் போன பேட் அப்படியே இருக்கிறது, தேய்ந்த மாதிரியே தெரியவில்லை. லோ கியரில் வண்டி எருமை மாதிரி அசைந்து அசைந்து இறங்குகிறது. பிரேக்கிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. பின்சி சேச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மணி கொள்ளாம், நல்லா இருக்கு, கெஸ்டுக்கு இஷ்டமாகும்" என்றார். கெஸ்டுகள் இப்போது மணியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த சீசனுக்கும் நாங்களே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் என் தலைவேதனை தீரவில்லை. பிரேக் கத்துவது நின்றது, இப்போது மனுஷன் கத்துகிறார். மணி அடிக்கிற வேகத்தை வைத்து எல்லாம் கண்டுபிடித்துவிடுகிறார். நேற்று இறங்கி வருகிறேன், "நாலாவது வளைவுல என்ன அவ்வளவு அவசரம்? லோவுல போட்டியா இல்லையா?" என்று அதட்டல். மேலே பாறையில் கெஸ்டுகள் கொஞ்சம் அதிக நேரம் நின்று போட்டோ எடுத்தால் மணி நின்றுவிடும் அல்லவா, அதற்கும் விசாரணை. "ஏங்க, நான் என்ன மூச்சு விடாம ஆடிக்கிட்டே இருக்கவா?" என்று எரிந்து விழுந்தேன்.

கேட்டேனே தவிர, அப்போது அவர் எங்கே நின்றார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். ஜன்னலில் இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, பாதையோரம் நின்றிருந்தார். மலையில் தவழ்ந்த அந்த ஒரு நாளைத் தவிர, டாக்டர் சொல்லியும் நான் கெஞ்சியும் எடுக்காத கம்பு. தினமும் மணி இறங்குகிற நேரத்துக்கு அங்கே வந்து நிற்கிறார், என்னைத் திட்டுவதற்காக.

ஷிஜுவிடம் ஒரு கிலோ ஏலக்காய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அப்பாவின் துண்டைத் துவைத்து மடித்து அதன் மேலேயே வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒர்க்‌ஷாப்பில் இறக்க வேண்டாம், நேராக வீட்டு வாசலுக்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

நீ முன்னாலேயே போய் அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. கீழ் வீடு வரைக்கும் கேட்கிறது.

உன் தங்கை
செல்வப்பிரியா